கோத்தகிரி ஓடைகளில் பழைய தண்ணீர்ச் சக்கரம் தேடுவது எப்படி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சக்கரம் இருக்காது. இரும்பில் செய்ததென்றால் எப்போதோ எடைக்குப் போட்டிருப்பார்கள். மரத்தில் செய்ததென்றால் கரையானும் மழையும் பங்கு போட்டிருக்கும். மிச்சம் இருப்பது ஓடைக்குக் குறுக்கே நாலு வரி கல், புதருக்குள் ஒரு வாய்க்கால், கடைசியில் ஒரு குழி. அவ்வளவுதான். அதைப் பார்க்க ஒரு நாள் நடக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் பேசாமல் டால்பின்ஸ் நோஸ் போய் போட்டோ எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. மற்றவர்களுக்குத்தான் இது.

நான் தேயிலை ஃபேக்டரியில் 34 வருஷம் ஃபிட்டராக இருந்தவன். அப்பா இலங்கையில், பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் டர்பைன் பார்த்தார். அங்கே தேயிலை ஃபேக்டரிக்கு ஸ்டோர் என்றுதான் பேர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் திரும்பி வருகிறவர்களாக எங்கள் பேர் வந்து, 1972இல் ராமேஸ்வரத்தில் கப்பல் இறங்கி, இங்கே மலையேறினோம். எனக்கு அப்போது 9 வயது. டர்பைன் பார்த்த கைக்கு இங்கே கிடைத்தது கவாத்துக் கத்தி. அதைப் பற்றி அவர் ஒன்றும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. ஆனால் எந்த ஓடையைத் தாண்டினாலும் நின்று ஒரு நிமிஷம் பார்ப்பார். "இதுல ஒரு ரோலர் ஓட்டலாம்டா" என்பார். ரோலர் என்றால் தேயிலைக் கொழுந்தை உருட்டிச் சுருட்டுகிற மெஷின். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அங்கிருந்துதான்.

எங்கே தேடுவது என்பதற்கு முன்னால், ஏன் இருந்தது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை மிச்சம். இந்த மலையில் தேயிலைக்கு முன்னால் காபி. கோத்தகிரிப் பக்கம் காபியைக் கொண்டுவந்தவர் என்று காக்பர்ன் என்ற வெள்ளைக்காரரைச் சொல்வார்கள். அவர் மனைவி பேரில்தான் கேத்தரின் அருவி. காபிப் பழத்தைப் பறித்த அன்றைக்கே தோல் உரிக்க வேண்டும், வைத்திருந்தால் புளித்துக் கெட்டுவிடும். அறுவடைக் காலத்தில் மூட்டை மூட்டையாக வந்து குவியும் பழத்தைக் கையால் சுற்றும் பல்ப்பரில் போட்டு மாளாது. கரண்டு கிடையாது, ஓடை இருக்கிறது. அதனால் பல்ப்பரைச் சுற்ற ஓடையில் ஒரு தண்ணீர்ச் சக்கரம் வைத்தார்கள். அறுவடை கார்த்திகை முதல் மாசி வரை. ஐப்பசி மழையில் ரொம்பிய ஓடையில் அப்போதும் தண்ணீர் இருக்கும். பொருத்தம் பார்த்துச் செய்த கல்யாணம் மாதிரி அமைந்துபோனது.

அப்புறம் காபிக்கு இலை நோய் வந்தது. இலங்கையில் 1869இல் கண்ட அதே ஆரஞ்சுப் பொடி நோய்தான் கடல் தாண்டி இங்கேயும் வந்தது. காபி போய்த் தேயிலை வந்த இடங்களில் சில சக்கரங்கள் ரோலர் ஓட்டப் போயின, சில அப்படியே நின்றுபோயின. அதனால் பழைய காபித் தோட்டத்தின் அடிவாரம்தான் நாம் தேட வேண்டிய இடம். பழம் கீழ்நோக்கித்தான் வரும். யாரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏற மாட்டார்கள். சரிவு முடிகிற இடம், ஓடை பக்கத்தில், பழம் காயப்போட ஒரு சமதளம். இந்த மூன்றும் சேர்ந்து வருகிற இடத்தை டீக்கடையில் விசாரியுங்கள். "பழைய காபி ஸ்டோர் இருந்த இடம்" என்று கேட்டால் வயசானவர்கள் கையை நீட்டிக் காட்டுவார்கள். "வாட்டர் மில்" என்று கேட்டால் மினரல் வாட்டர் கம்பெனிக்கு வழி சொல்வார்கள். எனக்கே நடந்திருக்கிறது.

தோட்டத்துக்குள் போவதற்கு முன்னால் ஆபீஸில் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள், சில இடத்தில் கூடவே ஒரு வாட்ச்மேனையும் அனுப்புவார்கள். கேட்காமல் போய் மாட்டிக்கொண்டால் அடுத்து வருகிறவனுக்கும் சேர்த்துக் கதவு மூடும். காப்புக்காடு என்று போர்டு இருந்தால் திரும்பிவிடுங்கள், அது வனத்துறை விஷயம். வெளியூரிலிருந்து சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும்; மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறினால் அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மாவட்டத்துக்குள் கூடாது, எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள்.

போக நல்ல காலம் தை, மாசி, பங்குனி. புதர் வாடியிருக்கும், கல் கண்ணுக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டவே வேண்டாம். 2009 நவம்பரில் இந்தப் பக்கம் மலை எப்படிச் சரிந்தது என்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓடையோரம் வேறு, கேட்கவே வேண்டாம். ஆனி, ஆடியில் அட்டை. காலை 9 மணிக்கு முன்னால் தேயிலைக்குள் இறங்காதீர்கள், மாலை 4 மணிக்கு ரோட்டுக்கு வந்துவிடுங்கள். காட்டெருமை கூட்டமாக மேய்ந்தால் சுற்றிப் போகலாம்; தனியாக ஒன்று நின்றால் அன்றைக்கு வேறு வேலை பாருங்கள். கரடி அந்தி நேரத்தில் வரும், அதனோடு பேச்சுவார்த்தை கிடையாது. தனியாகப் போகாதீர்கள். நான் மச்சானைக் கூட்டிக்கொண்டு போவேன். அவருக்குச் சக்கரத்தில் துளி அக்கறை இல்லை, கட்டுச்சோறுக்காக வருகிறார்.

பையில் இருக்க வேண்டியவை: ஐந்தடிக் கம்பு (அடிக்கு அடி பெயின்டில் கோடு போட்டது), டேப், 10 மீட்டர் கண்ணாடி டியூப், சணல், ஒரு ஆரஞ்சுப் பழம், கத்தி. டியூப் கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருப்பதே போதும். ஆரஞ்சு எதற்கு என்று பிறகு சொல்கிறேன், வழியில் தின்றுவிடாதீர்கள்.

சரி, ஓடைக்கு வந்தாயிற்று. எல்லாரும் செய்கிற தப்பு, குழியைத் தேடிக் கீழே இறங்குவது. குழி புதருக்குள் இருக்கும். மேலே பெரணி மூடியிருக்கும். நீங்கள் கண்டுபிடிப்பதற்குள் உங்கள் கால் கண்டுபிடித்துவிடும். ஓடையின் கரையோரமாக மேல்நோக்கி நடங்கள். இரண்டு கரையிலும் ஒரே இடத்தில், ஆள் வைத்த மாதிரி கல் இருக்கிறதா பாருங்கள். ஓடை தானாகக் கொண்டுவந்த கல் உருண்டையாக, தாறுமாறாகக் கிடக்கும். அடுக்கிய கல்லுக்கு ஒரு பக்கமாவது உளி பட்ட முகம் இருக்கும். நடுவில் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தாலும் கரைக்குள் புதைந்த இரண்டு முனை மட்டும் நிற்கும். அதுதான் அணை. அதன் மேல்பக்கம், ஏதாவது ஒரு கரையில், ஒரு முழம் அகலத்தில் ஒரு வாய் இருக்கும். பலகை இறக்கிய பள்ளம் இரண்டு பக்கக் கல்லிலும் வெட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம், மதகு வாய் அதுதான்.

அங்கிருந்து வாய்க்காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கேதான் நான் ஒரு முறை முழுசாக ஏமாந்தேன். வாய்க்கால் என்று நினைத்து ஒரு மணி நேரம் நடந்து, கடைசியில் அது தேயிலைக் கான் என்று தெரிந்தது. கான் என்பது மழைத்தண்ணீர் மண்ணை அரிக்காமல் இருக்க மலைக்குக் குறுக்கே வெட்டுவது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்: ஒன்றரை அடி அகலம், சரிவுக்குக் குறுக்கே போகும், உள்ளே சருகு. மச்சான் பாறையில் உட்கார்ந்து, "இலங்கையில கான் வெட்டுன குடும்பம்னு சொன்னீங்களே மாப்ளே" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.

வித்தியாசம் இப்போது கேட்டால் சொல்வேன். கான் ஒன்றாக வராது. கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாக மேலும் கீழும் வரிசையாக இருக்கும். அடிக்கு அடி வண்டல் குழி வெட்டியிருப்பார்கள், கல் பதித்திருக்காது. எல்லாவற்றையும் விட, கான் ஓடையில் போய் முடியும். வாய்க்கால் ஓடையில் தொடங்கும். நீங்கள் நடக்க நடக்க ஓடை சத்தம் காலுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போக வேண்டும். வாய்க்கால் கிட்டத்தட்ட மட்டமாகவே போகும், 100 அடிக்கு நாலைந்து அங்குலம் சாய்ந்தால் அதிகம். ஓடை தன்பாட்டுக்கு விழுந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே உயர வித்தியாசம் கூடக் கூட, அந்த உயரம்தான் சக்கரத்துக்குக் கிடைக்கிற சாப்பாடு. சத்தம் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தால் நீங்கள் தப்பான கோட்டில் நடக்கிறீர்கள்.

இன்னொன்று. ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் கசிவு பார்த்ததும் "இரும்பு இருக்கு" என்று தோண்ட ஆரம்பிக்காதீர்கள். இந்த மண்ணிலேயே இரும்புச் சத்து அதிகம், எந்த ஊற்றும் அப்படித்தான் வடியும்.

வாய்க்கால் திடீரென்று முடிகிற இடத்தில் நில்லுங்கள். உண்மையிலேயே நில்லுங்கள், ஒரு எட்டு வைக்காமல். கம்பால் முன்னால் குத்திப் பாருங்கள். எனக்கு முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. வாய்க்கால் முடிகிற இடத்திலிருந்து மரப் பீலியோ தகரப் பீலியோ வைத்துத் தண்ணீரைச் சக்கரத்தின் தலைக்குக் கொண்டுபோயிருப்பார்கள். பீலி போயிருக்கும். அதைத் தாங்கிய கல் தூண் ஒன்றோ இரண்டோ நிற்கும். அதற்கு நேர் கீழே குழி.

உண்ணிச்செடியை வெட்டி ஒதுக்கிவிட்டு, பக்கவாட்டிலிருந்து இறங்குங்கள். இரண்டு கல் சுவருக்கு நடுவே ஒடுங்கிய இடம். மூன்றடி, மூன்றரையடி அகலம், ஆனால் நீளமும் ஆழமும் அதிகம். ஒரு ஆள் கை விரித்து நிற்க முடியாத இந்த ஒடுக்கம்தான் அடையாளம். தண்ணீர்த் தொட்டியாக இருந்தால் இப்படிக் கட்ட மாட்டார்கள். உள்சுவரில் பாசியைக் கையால் தடவிப் பாருங்கள். எங்கேயாவது வளைவாக, வட்டத்தின் ஒரு துண்டு மாதிரி, கீறல் தென்படும். அச்சு தேய்ந்து சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து சுவரில் உரசின காலத்துக் கீறல். எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது அதுதான். யாரோ ஒரு ஃபிட்டர் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டிருக்கிறான். நானும் தள்ளிப்போட்டவன்தான்.

இரண்டு சுவரின் மேலும் எதிரெதிரே ஒரு பெரிய கல், அதில் நாலு போல்ட் ஓட்டை. பேரிங் உட்கார்ந்த இடம். அங்கிருந்து குழியின் அடித்தளம் வரை டேப் விடுங்கள். நான் அளந்த ஒன்றில் 5 அடி 3 அங்குலம் வந்தது. கீழே உரசாமல் இருக்க இரண்டு மூன்று அங்குலம் விடுவார்கள். அப்படியானால் ஆரம் 5 அடி, சக்கரம் 10 அடி. இந்த அளவுச் சக்கரம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 10 சுற்றுதான் சுற்றும். பார்க்கச் சோம்பேறி மாதிரி இருக்கும். பக்கத்தில் பெரிய புல்லியும் அந்தப் பக்கம் சின்ன புல்லியும் வைத்து பெல்ட்டைப் போட்டு வேகத்தைக் கூட்டிக்கொள்வார்கள். சுவரில் ஒரு சதுர ஓட்டை இருந்தால், ஷாஃப்ட் ஃபேக்டரிக்குள் போன வழி அது.

தண்ணீர் மேலேயிருந்து விழுந்ததா, அடியில் தள்ளியதா என்பதைப் பீலித் தூணின் உயரம் சொல்லிவிடும். மேலேயிருந்து விழுகிற சக்கரத்தில் சுற்றிலும் பெட்டி பெட்டியாக இருக்கும். ரொம்பிய பெட்டியின் கனம்தான் சுற்றும். அடியில் தள்ளுகிற சக்கரத்தில் வெறும் பலகை. இங்கிலாந்தில் ஜான் ஸ்மீட்டன் என்ற இன்ஜினியர் சின்ன மாதிரிச் சக்கரம் செய்து சோதித்து, அதே தண்ணீர், அதே உயரத்துக்கு மேலேயிருந்து விழுகிற சக்கரம் சுமார் இரண்டு மடங்கு வேலை செய்கிறது என்று 1759இல் எழுதிவைத்தார். நம் மலையில் விழுவதற்கு இடமா இல்லை? கீழ்நாட்டு ஆற்றுக்குத்தான் அந்தக் கஷ்டம்.

குழிக்குப் பதில் கனத்த இரும்புக் குழாய்த் துண்டும், சரிவில் வரிசையாகக் குழாய் படுக்கிற கல் மேடைகளும் கிடைத்தால் அது வேறு சாதி: பெல்டன் சக்கரம். அமெரிக்காவில் தங்கச் சுரங்கத்துக்கென்று வந்து 1880இல் காப்புரிமை பெற்றது. ஆள் உயரம்கூட இல்லாத சக்கரம். விளிம்பில் இரண்டு கிண்ணத்தை ஒட்டவைத்த மாதிரி வாளிகள், நடுவில் கத்தி முனை போல ஒரு மேடு. குழாயில் இறங்கிய தண்ணீர் மூக்கு வழியாகப் பீய்ச்சி அந்த மேட்டில் அடித்து இரண்டாகப் பிரியும். அப்பா பார்த்தது இந்த ரகம். பைக்காரா மின்சாரமும் இதே தத்துவம்தான்: 1932இல் சிங்காராவில் ஓடத் தொடங்கிய பவர் ஹவுஸுக்கு மலைமேலிருந்து தண்ணீர் 3,000 அடிக்கு மேல் விழுந்து வருகிறது. அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரிக்குக் காட்டேரி அருவியில் கரண்டு எடுத்தது அதற்கும் முந்தியது. தோட்டத்து ஓடையில் ஒரு குழாய்த் துண்டைத் தொட்டுப் பார்க்கும்போது இதெல்லாம் ஒரே குடும்பம் என்று எனக்குத் தோன்றும்.

இனி அளவு. இதைச் செய்யாமல் வந்தால் பாதி ருசி போய்விடும். முதலில் உயரம். செல்போனில் உயரம் காட்டும் ஆப்பை நம்பாதீர்கள், 10 மீட்டர் தப்பாகக் காட்டும். நமக்கு வேண்டியதே 4 மீட்டர். டியூபில் தண்ணீர் ரொப்பி, குமிழ் இல்லாமல் தட்டி எடுத்து, ஒரு முனையை வாய்க்கால் முடிகிற இடத்தில் மச்சான் பிடிக்கட்டும். மறுமுனையைக் கம்போடு சேர்த்துப் பிடித்துக் கீழே இறங்குங்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். உங்கள் பக்கம் அது கம்பில் எத்தனையாவது அடியில் நிற்கிறதோ அதைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து மறுபடி. குழியிலிருந்து தண்ணீர் வெளியேறுகிற கீழ்வாய்க்கால் வரை கூட்டினால் உயரம் கிடைத்துவிடும். எனக்கு வந்தது 12 அடி, அதாவது 3.66 மீட்டர்.

அடுத்து தண்ணீர். ஓடையில் ஓரளவு நேராக, ஒரே அகலமாகப் போகிற இடத்தைத் தேடுங்கள். 10 மீட்டர் சணலில் அளந்து, ஆரஞ்சை விடுங்கள். ஆரஞ்சு முக்கால்வாசி முங்கித்தான் மிதக்கும், காற்று தள்ளாது. இலையையோ தக்கையையோ போட்டால் காற்றுக்கு அலையும். மூன்று தரம் விட்டுச் சராசரி எடுங்கள். எனக்கு 20 வினாடி, அதாவது வினாடிக்கு அரை மீட்டர். அகலம் 40 சென்டிமீட்டர், சராசரி ஆழம் 15. மூன்றையும் பெருக்கினால் வினாடிக்கு 30 லிட்டர். ஆனால் மேலே ஓடுகிற வேகம் அடியில் இருக்காது, கல்லில் இடிக்கும். இந்த மாதிரிக் கல் ஓடையில் பத்தில் ஏழு பங்குதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆக 21 லிட்டர்.

லிட்டரை மீட்டரால் பெருக்கி, அதை 9.81ஆல் பெருக்கினால் வாட். 21, 3.66, 9.81: சுமார் 754 வாட். ஒரு குதிரைத்திறன் 746. அதாவது அந்த ஓடை ஒரு குதிரை. அதில் உரசல், சிந்தல் எல்லாம் போகச் சக்கரம் பத்தில் ஆறு பங்கு கொடுத்தாலே நல்ல சக்கரம், 450 வாட்.

மச்சான் கணக்கைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எங்க வீட்டு மிக்ஸி 750." உண்மைதான். ஆனால் ஒரு ஆள் கைப்பிடி சுற்றிக்கொண்டே இருந்தால் 75 வாட்டுக்கு மேல் தாங்க மாட்டான். அறுவடை சமயத்தில் ராப்பகலாக ஆறு ஆளுக்குச் சமம், கூலி கிடையாது. தவிர, நான் அளந்தது பங்குனியில், ஓடை இளைத்திருக்கும்போது. மார்கழியில் போய் அளந்தால் கணக்கு வேறு.

கட்டுச்சோறைக் குழிக்குள் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். ஈரம், தேள், பாம்பு எல்லாவற்றுக்கும் அது வீடு. வெட்டி ஒதுக்கிய புதரைக் குழி வாயில் திரும்ப இழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். கொழுந்து பறிக்க வருகிற பெண்கள் அந்த வழியாகத்தான் குறுக்கே போவார்கள்.

திரும்பும்போது தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்து வழியாக வாருங்கள். காட்டில் கிடைக்காதது அங்கே கிடைக்கும். கோழிக்கூட்டின் மேல் வளைந்த தகரம் இருந்தால் சக்கரத்துப் பெட்டியின் அடித்தகடாக இருக்கலாம். வாசற்படியில் நாலு ஓட்டை போட்ட இரும்புக் கட்டி இருந்தால் பேரிங் மூடி. நான் தேடிய இடத்தில் ஒரு பாட்டி துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு உருளையைச் சாய்த்து வைத்திருந்தார். ஒன்றரை முழ நீளம், முழுக்கத் துரு. "இது என்னது பாட்டி?"

"அது உலக்கை ஒடிஞ்சது தம்பி. எங்க மாமியார் காலத்துலேயே கெடக்கு."

உலக்கை அந்தக் கனம் இருக்காது. புரட்டிப் பார்த்தேன். ஒரு முனையில் நாலு விரல் நீளத்துக்கு மட்டும் விட்டம் குறைத்துக் கடைந்திருந்தது. அந்த இடத்தில் துரு மேலாகத்தான் இருந்தது. கட்டை விரலால் தேய்த்ததும் உள்ளே வழவழப்பு. பேரிங்கில் உட்கார்ந்து சுற்றிய இடம். டேப்பை எடுத்து விட்டம் அளந்தேன், இரண்டேகால் அங்குலம். பாட்டி, "எடைக்குப் போடவா கேக்குற?" என்றார். இல்லை என்றேன். "அப்ப வெச்சிட்டுப் போ, எனக்கு மஞ்சள் இடிக்க வேணும்."